நாலாம் நம்பர்

குழு கூடுவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் ஊசியக்கா எட்டுத் தடவை கைகளை எண்ணிவிட்டாள். எட்டுத் தடவையும் ஏழுதான் வந்தது.

குழுவில் பதினைந்து பேர். தலைவர் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டுமே ஓட்டுப் போடுவார். மீதிப் பதினாலு பேரில் ஏழு பேர் அவள் பக்கம், அவளையும் சேர்த்து. அந்த ஏழு பேரில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்று காலையில் தகவல் வந்திருந்தது. எப்படியும் வந்துவிடுவதாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் வயிற்றை யார் நம்புவது?

நாடாளுமன்றத்தின் இணைப்புக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் அவளுக்கு ஒதுக்கிய அறை. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகளைப் பார்த்தபடி. இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, தரையெல்லாம் மசோதாவின் நகல்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே கிடைத்த சந்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"உட்காருங்க மேடம். தரை தேயுது" என்றார் செயலாளர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான்கு உறுப்பினர்களிடம் வேலை பார்த்துவிட்டு ஐந்தாவதாக அவளிடம் வந்தவர். அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"தலைவர் என்ன பண்ணுவாருண்ணே?"

"அவர் ஒரு நாளைக்கு இருபது சிபாரிசு லெட்டர் போடறவர். நீங்க அவர் கையில இருக்கற பேனாவைப் பிடுங்கப் போறீங்க. சிரிச்சுக்கிட்டே குடுப்பாரா?"

அவள் மறுபடியும் நடந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு வரை அவள் அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். பதினேழு வருடம் ஊரெல்லாம் குத்தி ரத்தம் எடுத்த கை. ஊசியக்கா என்ற பெயர் கட்சிக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுக்கும் ரத்தம் மூன்று நாளைக்குத்தான் செல்லும். தேதி தள்ளிப்போனால் மறுபடியும் குத்த வேண்டும். ஒரு பெரியவருக்கு அப்படி ஐந்து தடவை குத்தியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் யாருடைய கடிதத்தோடோ வந்து அவருக்கு முன்னால் நுழைந்திருந்தார். ஐந்தாவது தடவை பெரியவர், "குத்தும்மா, எனக்குப் பழகிடுச்சு. உனக்குத்தான் கை நடுங்குது" என்றார். ஆறாவது தடவை அவர் வரவில்லை.

சுகாதார சேவைகள் மசோதா குழுவுக்கு வந்தபோது பதினான்காம் பிரிவில் அவள் ஒரு திருத்தம் கொடுத்தாள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலை மருத்துவமனை வாசலில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். வரிசையை மாற்றும் அதிகாரம் மருத்துவருக்கு மட்டும். அமைச்சரோ உறுப்பினரோ கொடுக்கும் சிபாரிசுக் கடிதத்தை மருத்துவமனை கையால் தொடவே கூடாது. இவ்வளவுதான். ஐந்து வரி. அந்த ஐந்து வரிக்காக நடைபாதையில் எதிர்ப்படும் உறுப்பினர்கள் அவளைப் பார்த்ததும் தொலைபேசியில் பேசுவதுபோல நடிக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது.

கைப்பேசி அடித்தது. தங்கை.

அவள் எடுக்கத் தயங்கினாள். இரண்டு வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை. தங்கையின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்களை மேலே ஏற்றி இறக்குகிறவருக்கு இப்போது ஐந்து படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதயத்தில் ஒரு வால்வு பழுது. பட்டியலில் ஐம்பத்தேழாவது ஆள். தங்கை வந்து சிபாரிசு லெட்டர் கேட்டாள், அவள் முடியாது என்றாள். கொண்டுவந்து வைத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் தங்கை எழுந்து போனாள்.

"அக்கா" என்றது தங்கையின் குரல். அழுத குரல், ஆனால் சந்தோஷத்தில் அழுதது. "கோவிச்சுக்காதேக்கா. அன்னைக்கு நான் என்னென்னவோ பேசிட்டேன். நீ இப்படிப் பண்ணுவேன்னு தெரியாமப் போச்சு."

"எப்படிப் பண்ணுவேன்னு?"

"நேத்துச் சாயந்திரமே கூப்பிட்டுப் படுக்கை குடுத்துட்டாங்க. இன்னைக்கு ரெண்டாவதா இவருக்குத்தான். பதினொன்றரைக்கு உள்ள கொண்டுபோறாங்களாம். ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. ஆனா சிரிச்சுக்கிட்டேதான் இருக்காரு. உன் லெட்டரைப் பார்த்ததும் அந்த ஆபீஸ்ல எழுந்தே நின்னாங்க தெரியுமா?"

"எந்த லெட்டர்?"

"அதான், உங்க ஆபீஸ் அண்ணன் கையில குடுத்தனுப்பினியே."

அவள் திரும்பிப் பார்த்தாள். செயலாளர் மேசை இழுப்பறையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவர் எதைத் தொலைத்தாலும் அப்படிக் குனிந்து தேடுகிற ஆள் இல்லை.

"அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

"அண்ணே."

"நான்தான் குடுத்தேன்" என்றார் அவர், நிமிராமலே.

திங்கட்கிழமைதோறும் அவள் நாற்பது வெறும் தாள்களில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுப்பாள். முத்திரை அச்சடித்த தாள். அடியில் கையெழுத்து, மேலே வெறுமை. பள்ளிச் சேர்க்கை, விதவை ஓய்வூதியம், தெருவிளக்கு என்று வருகிறவர்களுக்கு ஏற்ப அவர் மேலே தட்டச்சு செய்துகொள்வார். எல்லா உறுப்பினர்களும் அப்படித்தான் செய்தார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போட்டால் சபைக்குப் போக நேரம் இருக்காது. திருத்தம் கொடுத்த அன்று அவள் சொன்னாள், இனிமேல் ஆஸ்பத்திரிக்கு மட்டும் லெட்டர் கிடையாது என்று. சொல்லிவிட்டு அடுத்த திங்கட்கிழமையும் அதே நாற்பது தாளில் கையெழுத்துப் போட்டாள். அது ஏனென்று இப்போது அவளுக்கே விளங்கவில்லை.

"நான் முடியாதுன்னு சொன்னேனேண்ணே."

"நீங்க சொன்னீங்க. உங்களால குடுக்க முடியாது, சரி. ஆனா உங்க தங்கச்சி ரெண்டு நாள் நீங்க இல்லாத நேரமா வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதுச்சு. நான் கல்லா? நீங்களே மனசு மாறிக் குடுத்ததா சொல்லிட்டேன். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்க வேணாமேன்னு." இப்போதுதான் நிமிர்ந்தார். "இந்தச் சட்டம் வர இன்னும் நாலு மாசம் ஆகும் மேடம். அது வரைக்கும் ஊரே லெட்டர் குடுக்கும். உங்க வீட்டு ஆளு மட்டும் மூச்சு வாங்கணுமா?"

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அது நேற்றைய பதில். நேற்று மாப்பிள்ளை ஐம்பத்தேழாவது ஆள். இன்று அவர் பச்சை அங்கி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

அவள் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். இதய நோய்ப் பிரிவில் பட்டியலை வைத்திருப்பவள் அவளுடைய பழைய கூட்டாளி. இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளை எல்லோரும் லிஸ்டு என்றே கூப்பிடுவார்கள்.

"சொல்லு ஊசி. மாப்பிள்ளை நல்லா இருக்காரு. நான்தான் ஜன்னலோரப் படுக்கையாப் பார்த்துப் போட்டேன்."

"அவர் உள்ள வந்ததால யாரு வெளிய போனது?"

"இப்ப அது எதுக்கு?"

"வாரத்துல ரெண்டே நாள், அன்னைக்கும் ரெண்டு ஆபரேஷன் மேசைதான். ஒருத்தர் வந்தா ஒருத்தர் போகணும். யாரு?"

"நாலாம் நம்பர். இஸ்திரிக் கடைக்காரம்மா. காலையில ஆறு மணிக்குப் பையோட வந்துச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியாச்சு. இன்னும் போகலை, வராந்தாவுலதான் உட்கார்ந்திருக்கு."

"என் லெட்டரை ரத்து பண்ணிடு."

"வாயால சொன்னா ஆகுமா? உன் லெட்டர் ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு, நம்பர் போட்டாச்சு. எடுக்கணும்னா அதுக்கும் ஒரு லெட்டர் வேணும். பதினொரு மணிக்குள்ள கையில குடு. அப்புறம் மயக்க மருந்து டாக்டர் வந்துடுவாரு, அவர் தொட்டுட்டார்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு குரலைத் தணித்தாள். "நல்லா யோசிச்சுப் பண்ணு. அவருக்குத் திரும்ப முறை வர மூணு மாசம் ஆகும். அந்த வால்வு மூணு மாசம் தாங்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

மணி பத்து பத்து. அவள் ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பேரிட்டதே இவள்தான். இஸ்திரிக் கடைக்காரம்மாவுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. பரிசோதனைக் கூடத்தில் இருந்தபோது குழாய்களில் பெயர் எழுத மாட்டார்கள், எண்தான். எந்த எண் யாருடைய ரத்தம் என்று பார்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதி எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அப்போது தெரியவில்லை.

"ஒரு தாள் எடுங்கண்ணே. கையெழுத்துப் போடாத தாள்."

"மேடம், வேணாம்."

"எடுங்க."

அவளே கையால் எழுதினாள். என் பெயரில் கொடுக்கப்பட்ட இன்ன எண்ணுள்ள கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், நோயாளியைப் பட்டியலில் அவருடைய பழைய இடத்திலேயே வைக்கவும். இரண்டே வரி. நோயாளி என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றது. பிறகு ஓடியது.

"காரை எடுத்துட்டுப் போங்க. நேரா லிஸ்டு கையில குடுங்க. என் தங்கச்சி கண்ணுல பட வேணாம்."

செயலாளர் தாளை வாங்காமல் நின்றார். "இதை நான் கொண்டுபோனா செத்தாலும் அந்தப் பொண்ணு என்னை மன்னிக்காது."

"என்னையுந்தான். நான் போனா திருத்தம் விழுந்துடும்ணே. நீங்கதான் போகணும்."

அது உண்மை. பிரிவு எடுக்கப்படும்போது திருத்தம் கொடுத்தவர் தன் இருக்கையில் இல்லையென்றால் திருத்தம் தானாகவே கைவிடப்பட்டதாக ஆகிவிடும். காரணம் கேட்க மாட்டார்கள். போன மாதம் ஒருவர் கழிப்பறைக்குப் போன நேரத்தில் அவருடைய மூன்று திருத்தங்கள் போயின.

செயலாளர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மடிக்கிற விதத்திலேயே அவருடைய கோபம் தெரிந்தது.

குழு அறையில் நீள்வட்ட மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ஒலிவாங்கி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கட்டுக் காகிதம். வயிற்றுப்போக்கு உறுப்பினர் வந்திருந்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எதிர்ப்பக்கத்தில் வக்கீல். தொழிலும் அதுதான், எல்லோரும் கூப்பிடுவதும் அப்படித்தான்.

"வாங்க ஊசியக்கா. இன்னைக்கு யாருக்குக் குத்து?" என்றார் வக்கீல்.

"இடது கையா வலது கையான்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். சிரித்தார்கள். அவளுடைய கை மேசைக்குக் கீழே கைப்பேசியைப் பிடித்திருந்தது.

பதினொன்றாம் பிரிவு பத்தே நிமிடத்தில் முடிந்தது. பன்னிரண்டில் ஒரு காற்புள்ளிக்காகக் கால் மணி நேரம் சண்டை. அவள் ஒன்றையும் கேட்கவில்லை. பத்து நாற்பது. இப்போது கார் பாலத்தைத் தாண்டியிருக்கும். பத்து நாற்பத்தைந்து. இப்போது படியேறுவார். லிஃப்ட் வேலை செய்தால் லிஃப்டில் போவார். அந்த லிஃப்டையும் மாப்பிள்ளைதான் ஒரு தடவை பழுது பார்த்தார். எதை நினைத்தாலும் அங்கேயே போய் நின்றது.

பதின்மூன்றாம் பிரிவு தொடங்கியபோது கைப்பேசி துடித்தது. லிஸ்டு. அவள் எழுந்தாள்.

"பதினாலு எப்ப வேணா வரும்" என்றார் பக்கத்து உறுப்பினர் கிசுகிசுப்பாக.

"ஒரு நிமிஷம்."

நடைபாதையில் சுவரை ஒட்டி நின்று பேசினாள்.

"உன் லெட்டர் வந்துச்சு" என்றாள் லிஸ்டு. "உடனே அந்தம்மாவைக் கூப்பிட்டேன். மேசை உனக்குத்தான், வாம்மான்னேன். அது என்ன சொல்லுது தெரியுமா? இப்பத்தான் டீயும் பன்னும் சாப்பிட்டேன்னுது. அடுத்த வாரம் வான்னு சொன்னப்புறம் எதுக்குப் பட்டினி கிடக்கணும்? அது மேல தப்பே இல்லை. ஆனா வயித்துல டீயை வச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுக்க முடியாது. இன்னைக்கு அவ்வளவுதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அடுத்தது யாரு?"

"மூணு இப்ப முதல் மேசையில. அஞ்சுக்கும் ஆறுக்கும் காய்ச்சல். ஏழும் எட்டும் வெளியூர், வர மூணு மணி நேரம். பட்டினியா, ரத்தம் எடுத்து, நெஞ்சை மழிச்சு, எல்லாம் முடிஞ்சு இங்க படுத்திருக்கறது ஒரே ஆளு. உன் மாப்பிள்ளை." லிஸ்டு மூச்சுவிட்டாள். "நீ லெட்டரைத் திருப்பி வாங்கிட்ட. இவரை எழுப்பி அனுப்பினா மேசை சும்மாதான் கிடக்கும். என்ன பண்ணட்டும் சொல்லு. நீ சொல்றதைச் செய்யறேன்."

கதவு பாதி திறந்தது. குழுவின் உதவியாளர் தலையை நீட்டினார். "பதிமூணு முடியப் போகுது மேடம்."

ஒரு சொல் போதும். சரி என்று சொன்னால் மாப்பிள்ளை உள்ளே போவார், யாருக்கும் நஷ்டம் இல்லை, நாலாம் நம்பருக்கு எப்படியும் இன்று முடியாது. வேண்டாம் என்று சொன்னால் மேசை வெறுமனே கிடக்கும், தான் யோக்கியம் என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காக. இரண்டில் எதைச் சொன்னாலும் அதைச் சொல்வது அவள்தான். ஐம்பது மைல் தள்ளி இருக்கும் ஏழாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும் இப்படி ஒருவர் போன் பண்ணிக் கேட்கவில்லை.

"என்னைக் கேக்காதே" என்றாள்.

"பின்ன யாரைக் கேக்கறது?"

"டாக்டரைக் கேளு. இவர் யாருன்னு சொல்லாதே. நம்பரை மட்டும் சொல்லு. அவர் என்ன சொல்றாரோ அதைச் செய். என்கிட்ட சொல்லக்கூட வேணாம்."

"ஊசி..."

"பதினாலு வந்துடுச்சு" என்று வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஓடித்தான் போனாள். புடவைத் தலைப்பு நாற்காலியில் மாட்டிக்கொண்டது. தலைவர் பதினான்காம் பிரிவு என்று வாசித்து முடிக்கும்போது அவள் பாதி உட்கார்ந்திருந்தாள்.

"உறுப்பினர் இருக்கையில இருக்காங்களா, இல்லை அதுக்குப் பக்கத்துல இருக்காங்களா?" என்றார் வக்கீல்.

"இருக்கேன்" என்றாள்.

அவள் திருத்தத்தை வாசித்தாள். வக்கீல் எழுந்தார். சத்தம் போடவில்லை, அவர் ஒருபோதும் சத்தம் போட மாட்டார்.

"என் வீட்டு வாசலுக்குக் காலையில முப்பது பேர் வர்றாங்க. அதுல பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்காக. அந்தப் பத்துப் பேருக்கு டாக்டரைத் தெரியாது, பெரிய டாக்டரைத் தெரியாது, என்னை ஒருத்தனைத்தான் தெரியும். அவங்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல இருக்கற ஒரே கயிறு அந்த லெட்டர். அதையும் அறுத்துட்டா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நம்ம மூஞ்சியைப் பார்ப்பாங்க."

"இப்ப மட்டும் ரசிச்சா பார்க்கறாங்க" என்றார் தலைவர். சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை, தாளில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மடியில் கைப்பேசி துடித்தது. தங்கையின் செய்தி. "உள்ள கொண்டுபோயிட்டாங்கக்கா. நீ நல்லா இருப்பே."

மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நிம்மதி. அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கியாயிற்று. ஆனாலும் கடிதம் வேலையை முடித்துவிட்டது.

"பதில் சொல்றீங்களா?" என்றார் தலைவர்.

அவள் எழுந்தாள். மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தாள், புள்ளிவிவரத்தோடு. அதை எடுக்கவில்லை.

"நாலு நாளைக்கு முன்னாடி என் பேர்ல ஒரு லெட்டர் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. என் தங்கச்சி வீட்டுக்காரருக்காக. ஐம்பத்தேழாவது ஆள். நேத்து அவரைச் சேர்த்துக்கிட்டாங்க."

வக்கீல் பேனாவை மூடினார்.

"நான் குடுக்கலைன்னு சொல்லலாம். ஆனா கையெழுத்து என்னோடது. வெறும் தாள்ல போட்டு வச்ச கையெழுத்து. இங்க எல்லாரும் அப்படித்தான் போட்டு வச்சிருக்கோம். காலையில தெரிஞ்சதும் அதைத் திருப்பி வாங்கினேன். அதுக்குள்ள பட்டினியோட காத்திருந்த நாலாம் நம்பர் டீ குடிச்சிருச்சு. அதனால என் ஆளே உள்ள போயிட்டாரு. இப்ப மேசையில இருக்காரு." தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தாள், மூடி வழுக்கியது, விட்டுவிட்டாள். "லெட்டர் கயிறுன்னு சொன்னாரு. கயிறுதான். ஒருத்தரை மேல இழுத்தா ஒருத்தர் கீழ இறங்கறாரு. கீழ இறங்கறவரை நாம பார்க்கறதில்லை. இன்னைக்கு எனக்கு அவங்க நம்பர் தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான் என் பதில்."

வக்கீல், வழக்கத்தைவிட மெதுவாக, "தலைவர் அவர்களே, உறுப்பினர் ஏதோ மன உளைச்சல்ல பேசறாங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், இதைக் குறிப்புல ஏத்த வேணாம்" என்றார். அவர் அதை உண்மையாகவே அவளுடைய நன்மைக்காகத்தான் சொன்னார்.

தலைவர் அவளைப் பார்த்தார். "ஏறினா நாளைக்குப் பத்திரிகைக்குப் போகும். எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்."

ஓட்டெடுப்பு. இந்தப் பக்கம் ஏழு கை, அந்தப் பக்கம் ஏழு கை. வயிற்றுப்போக்கு உறுப்பினர் கையைத் தூக்கியபடியே வெளியே ஓடினார். கை எண்ணப்பட்ட பிறகுதான். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

தலைவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "முப்பது வருஷமா எழுதறேன்" என்றார். "இறங்கினவங்க எத்தனை பேர்னு யாராவது கேட்டிருந்தா விரட்டி அடிச்சிருப்பேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "திருத்தம் ஏற்கப்பட்டது. சட்டம் வந்தப்புறம் என் வாசல்ல கூட்டம் இருக்காது. ஆறு மணி வரைக்கும் தூங்கலாம். பதினஞ்சாம் பிரிவு."

அவள் பதினைந்துக்கு இருக்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தன் அறையிலேயே நடந்துகொண்டிருந்துவிட்டு, மூன்று மணிக்குத்தான் மருத்துவமனைக்குப் போனாள்.

மருத்துவமனையின் அந்த வராந்தா அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பச்சைச் சுவர், இடுப்பு உயரத்துக்கு அழுக்கு, நீளமான இரும்பு பெஞ்சு. முனையில் ஒரு பெண் இன்னும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். உள்ளங்கையின் ஓரத்தில் பழைய சூட்டுத் தழும்புகள். காலுக்கிடையில் ஒரு துணிப்பை, அதற்குள் தட்டு, டம்ளர், மடித்த போர்வை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருக்கப்போகிறவர்கள் கொண்டுவரும் பை.

ஊசியக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் வராந்தாவின் மறுகோடியிலிருந்து தங்கை வந்துவிட்டாள். கிட்டத்தட்ட ஓடி வந்தாள்.

"அக்கா. முடிஞ்சுடுச்சு. நல்லபடியா முடிஞ்சுடுச்சுன்னு இப்பத்தான் டாக்டர் வந்து சொன்னாரு." அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து, சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "எங்க அக்கா. எம்.பி. இவங்க மட்டும் லெட்டர் குடுக்கலைன்னா எங்க வீட்டுக்காரர் இன்னும் வரிசையிலதான் நின்னுக்கிட்டிருப்பாரு."

இஸ்திரிக் கடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னைக்கு ரெண்டாவதாப் போனாரே, அவரா?"

"ஆமாங்க."

"அது என் நம்பர்" என்றாள், யாரையும் குற்றம் சொல்லாத குரலில், பஸ்ஸில் இது என் சீட்டு என்பதுபோல.

தங்கையின் வாய் திறந்தபடியே நின்றது. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா, "ஆமாம். என் லெட்டர்தான்" என்றாள் அந்தப் பெண்ணிடம். "தப்பு என்னோடது."

அந்தப் பெண் பையைக் காலோடு இழுத்துக்கொண்டாள். "போன மாசமும் இப்படித்தான். அப்பவும் என்னை உள்ள கூப்பிட்டுட்டு அனுப்பிட்டாங்க. அது யாரோட லெட்டர்னு தெரியலை." பிறகு, தயங்கித் தயங்கி, "எனக்கும் ஒண்ணு எழுதித் தருவீங்களா? யாருக்கும் முன்னாடி போக வேணாம். என்னைப் பின்னாடி தள்ளாம இருந்தாப் போதும்."

"எழுதிக் குடுத்துடேன்க்கா" என்றாள் தங்கை வேகமாக. "இவங்களுக்கு நியாயமா வர வேண்டியதுதானே."

அவளுடைய பையில் முத்திரைத் தாள் இருந்தது. பேனா இருந்தது. சட்டம் வர நான்கு மாதம் இருந்தது. எழுதினால் இந்தக் கடிதம் செல்லும். இன்று காலை பதினான்காம் பிரிவு ஏற்கப்பட்டது இந்த வராந்தாவில் யாருக்கும் தெரியாது.

"முடியாதுங்க" என்றாள். "இனிமே யாருக்கும் எழுதறதில்லை."

"எனக்கு முன்னாடி வரைக்கும் எழுதினீங்க."

"ஆமாம்."

தங்கை எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. பையின் காதை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

ஊசியக்காவுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தாள். பதினேழு வருட வேலையில் தெரிந்துகொண்டது ஒன்று இருந்தது.

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத்தானே வரச் சொன்னாங்க?"

"ஆமா. வெறும் வயித்தோட."

"உங்களை வெளிய அனுப்பினாலும் எதையும் சாப்பிடாதீங்க. டீ வேணாம், தண்ணிகூட வேணாம். அடுத்த வாரம் வான்னு சொன்னாலும் போகாதீங்க. மத்தியானம் வரைக்கும் இதே பெஞ்சுல பட்டினியா உட்காருங்க. உள்ள யாருக்காவது காய்ச்சல் வரும், யாராவது பயந்து எழுந்து போவாங்க. மேசை காலியானா, தயாரா இருக்கறவங்களைத்தான் கூப்பிடுவாங்க."

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை இன்னைக்குக் காலையில யாராவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.